மேசை விரிப்பில் இருந்த கறை

என் ஓரகத்தி சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். "சின்னவ கை பட்டா கந்தலும் புதுசாயிடுது" என்று என் கணவரே சொல்வார். எனக்கு வயிறு பற்றி எரியும். நான் துவைத்த துணியைப் பற்றி அந்த மனிதர் ஒரு நாளாவது வாய் திறந்திருப்பாரா?

எனக்கென்று இருந்தது ஒன்றுதான்: ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பு. அதைத் துவைப்பது எங்கள் வீட்டு மூத்த மருமகளின் உரிமை. மடிக்கும்போது, மடிப்புக்கு ஒருவராகச் சபையில் கஷ்டப்படுகிறவர்களின் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். அந்த ஜெபத்தை நான் விட்டுப் பல வருஷம் ஆயிற்று. விரிப்பின் ஓரத்தில் இருந்த பழுப்புக் கறையை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காத்தேன். மாமியார் காலத்தில் திருவிருந்துக் கிண்ணத்திலிருந்து சிந்திய, ஆண்டவரின் இரத்தத்துக்கு அடையாளமான திராட்சரசம் என்று பேச்சு. ஜனங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். உண்மையில் அது காப்பிக் கறை. மாமியார் சாகும்முன் என்னிடம் மட்டும் சொன்னார். கறையால் எனக்கும் மரியாதை கிடைத்ததால் நான் மூச்சு விடவில்லை.

போன மாதம் என் மணிக்கட்டு பிசகி, விரிப்பு சின்னவளிடம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் வெள்ளை வெளேர். கறையைக் காணோம்! மாட்டினாயா மகராசி என்று உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

சபை மூப்பர் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஆண்டவரோட அடையாளத்தையே அழிச்சிட்டியேம்மா!"

"கடைத்துணி மாதிரி ஊற வெச்சேன்யா. போயிடுச்சு. மன்னிச்சிடுங்க."

"இன்னைக்கு நீ திருவிருந்துல சேரக் கூடாது."

அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து அழுதாள். நான் மேசைமுன் முழங்காலிட்டேன். போதகர் அப்பத்தை நீட்டினார். கை எழவில்லை. அவளை அழவிட்டுவிட்டு இதை எந்த மூஞ்சியோடு வாங்குவது?

"அது காப்பிக் கறைங்கய்யா," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "எனக்கு முன்னாடியே தெரியும்."

போதகர் அப்பத்தோடு நேரே கடைசி பெஞ்சுக்கு நடந்தார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "ஊற வெச்ச தண்ணியப் பாத்ததுமே காப்பின்னு தெரிஞ்சிடுச்சுக்கா."

"அப்புறம் ஏன்டி வாயத் தொறக்கல?"

"அத்தை பேரு கெட்டுடும். உங்களுக்கும் தலைகுனிவு."

பாவி, இதிலும் என்னை முந்திக்கொண்டாள்! என் பொறாமை அன்றைக்கும் போகவில்லை.

இப்போது அவள் துவைக்கிறாள். மடிப்பதற்கு நான் மறுமுனையைப் பிடிக்கிறேன், பழையபடி மடிப்புக்கு ஒரு பெயர். முதல் நாள், முதல் மடிப்புக்கு, அவள் என் பெயரைச் சொன்னாள்.