அம்மா கும்பிட்ட காசு

என் தாய் கும்பிட்ட தெய்வத்தை நான் திருடினேன். திருடியதோடு நிற்கவில்லை, அந்த இடத்தில் ஒரு போலியை வைத்தேன்!

பெரிய சிலை ஒன்றுமில்லை. ஒரு வெள்ளிக்காசு. கரூர்ப் பக்கம் ஆற்று மணலில் கிடைத்ததென்று, தாத்தா கப்பலேறும்போது இடுப்பில் முடிந்து கொண்டுவந்தது. அதில் நின்ற பெண்ணை அம்மா லட்சுமி என்றாள். கடல் தாண்டி வந்து அவர் குடியேறிய காஜா பெராங்கில், எங்கள் பலகை வீட்டுச் சாமி தட்டில் வைத்து, வெள்ளிதோறும் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமம் இடுவாள்.

நானோ எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன். பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றில் அவளை அடையாளம் கண்டேன். ஒரு கையில் கனிகள் வழியும் கொம்பு, மறுகையில் கப்பலின் சுக்கான்... ரோமர்களின் அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சூனா! நான் பழங்காசு சேர்க்கிறவன்; வேறு ரோமக் காசுகளில் நின்ற ஜூப்பிட்டரும் மினர்வாவும் என் தகரப் பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்தார்கள். இவள் முகம் மட்டும் புளியில் கரைவதா?

காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றவா... என் பெட்டியில் சேர்க்கவா?

அதே அளவில் பழைய பத்துக் காசு ஒன்றை எடுத்தேன். அதிலிருந்த வெள்ளைக்கார ராஜாவின் தலையையும் பின்பக்க எழுத்தையும் கிணற்றடிச் சிமெந்தில் தேய்த்து மழுக்கினேன். விடுதலை கேட்டு ஊரெல்லாம் 'மெர்டேக்கா' என்று முழங்கிய நாள்கள் அவை. எங்கள் வீட்டில் அந்த ராஜாவுக்குக் குங்குமம்!

அடுத்த வெள்ளி, அம்மா காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயோ தம்பி... லட்சுமி மொகமே போச்சுடா! தேச்சுத் தேச்சு நாந்தான்டா அழிச்சிட்டேன்."

"பழைய காசும்மா. தேயத்தானே செய்யும்."

அன்றே சொல்லியிருக்கலாம்! அதன்பின் அவள் அதைத் தேய்க்கவே இல்லை. பஞ்சால் ஒற்றி ஒற்றி மன்னிப்புக் கேட்டாள். நான் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், அண்ணி கும்புட்ட காச எடுத்தா. அதத்தான் நெத்தியில வைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

தகரப் பெட்டி கட்டிலுக்கடியில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். ஆனால், தேயாத முகத்தைக் கண்டால் அத்தை கேட்பாளே...

மழுங்கிய காசைத்தான் சந்தனம் தொட்டு அம்மாவின் நெற்றியில் ஒட்டினேன். இந்த விரலால்!

காசு சேர்க்கும் நண்பர்கள் வந்தால் ஃபார்ச்சூனாவைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள்.

"மொகம் எவ்ளோ தெளிவா இருக்கு! நல்லா பாதுகாத்து வச்சிருக்கியேப்பா!"

ஆமாம் என்கிறேன்.