நாற்பத்தொரு படிவமும் ஒரு பிள்ளையார் சுழியும்

1. மரியாவின் படிவம்

அமெரிக்கத் தேர்தலுக்கும் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற ஒரு மன்னார்க்காரிக்கும் என்ன தொடர்பு என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பதினெட்டு வருடம் அதில்தான் சம்பளம் எடுத்தேன் என்று சொல்வேன். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஒரு ரயர் கடைக்கும் கார்ப்பெற் கடைக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஒபிஸ். வேலை இதுதான். அமெரிக்காவில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு நன்கொடை கொடுப்பதென்றால் ஒரு படிவத்தை நிரப்பிச் செக்கோடு தபாலில் போடுவார். தபாலை அங்கேயே பிரித்து ஸ்கான் பண்ணுவார்கள். படம் மட்டும் எங்கள் திரைக்கு வரும். பெயர், விலாசம், தொழில், வேலை செய்யும் இடம் என்று நான்கையும் நாங்கள் ரைப் பண்ணிக் கொடுக்க வேண்டும். ஏதாவது இடித்தால், சந்தேகமாகப் பட்டால், அதை ‘எக்ஸெப்ஷன்’ என்ற வரிசைக்குள் தள்ளி, காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். அதற்கு மேல் எங்களுக்கு அதிகாரம் இல்லை. காசை எடுப்பதா திருப்புவதா என்று முடிவெடுப்பது அமெரிக்காவில் இருக்கும் பிரசாரக் குழுவின் வக்கீல்.

கடைசி ஆறு வருடம் நான் வெரிஃபிகேஷன் சுப்பர்வைசர். மற்றவர்கள் ரைப் பண்ணியதை மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொறுப்பு. என் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது என்று ஒபிஸில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். இப்போது தன்னடக்கம் காட்டி யாருக்கு என்ன லாபம்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிழக்குக் கரைப் பக்கம் ஒரு தொகுதியில் நின்ற வேட்பாளர் ஒருவரின் கட்டு வந்தது. முதல் படிவத்தின் பெயர் தமிழ்ப் பெயர். மேல் இடது மூலையில் சின்னதாக ஒரு ‘உ’, அதன் கீழே ஒரு கோடு. பிள்ளையார் சுழி. எங்கள் சனம் கடவுளைக் கேட்காமல் ஒரு செக்கும் எழுதாது என்று சிரித்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தேன்.

அடுத்த படிவம் மரியா என்ற ஒரு பெண்ணுடையது. தொழில், காஷியர். மேல் இடது மூலையில் பிள்ளையார் சுழி.

அதற்கு அடுத்தது பற்றிக் என்ற ஒருவருடையது. அவருக்கும் பிள்ளையார் சுழி. பிறகு ஒரு குஜராத்திப் பெயர், ஒரு வியட்நாமியப் பெயர், இன்னொரு மரியா. விலாசங்கள் வேறு வேறு. செக்குகள் வேறு வேறு வங்கி. தொகை மட்டும் ஒன்று. தேநீரை ஆற விட்டுவிட்டுக் கட்டு முழுவதையும் பார்த்தேன். ஐம்பது படிவத்தில் நாற்பத்தொன்றில் அந்தச் சுழி இருந்தது.

ரைப் பண்ணிய பிள்ளைகளில் பிழை இல்லை. பிலிப்பைன்ஸ் பிள்ளை ஒருத்தி அதை அச்சு இயந்திரத்தின் கறை என்று நினைத்திருந்தாள். நான் வேதக்காரி. எங்கள் வீட்டில் கடிதத்தின் தலையில் சிலுவைதான் போடுவோம். ஆனால் பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் சுழி போட்டுத்தான் சோதனை எழுதினார்கள். அது எப்படித் தொடங்கி எங்கே வளையும் என்று எனக்கு நித்திரையிலும் தெரியும்.

மரியாவும் பற்றிக்கும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் படிவம் நிரப்பவில்லை. நாற்பத்தொன்றையும் ஒரே ஒரு தமிழ்க் கை நிரப்பியிருக்கிறது. சட்டத்துக்கு மாறாக ஒன்றைச் செய்ய உட்கார்ந்த அந்த மனுஷர், நல்லபடி நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் தலையிலும் சுழியைப் போட்டுவிட்டுத் தொடங்கியிருக்கிறார். வேறு எந்த இனம் இப்படி மாட்டுப்படும்?

2. வீட்டுக்குள் இருந்த கஷ்டம்

அதோடு முடிந்திருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற கதை. கட்டின் தலைப்பில் இருந்த வேட்பாளரின் பெயரை நான் இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அது எனக்குத் தெரிந்த பெயர் என்று விளங்கியது.

அந்தப் பெயரை என் கணவர் இரண்டு கிழமையாக வீட்டில் சொல்லிக்கொண்டு இருந்தார். அவருக்காக ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் இராப்போசனக் கூட்டம் நடந்தது. நடத்தியவர் பிக்கரிங்கில் இருக்கும் பாலன் அண்ணை. எங்களுக்கு இருபது வருடப் பழக்கம். என் மகளின் கலியாணத்தில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றவர். எனக்கு அன்றைக்கு ஷிஃப்ற், போகவில்லை. திரும்பி வந்த என் கணவர் சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னார்.

“அந்த மனுஷன் வெண்டால் காணாமல் போன ஆக்களைப் பற்றி அமெரிக்கச் சபையிலை கேள்வி கேட்பாராம். எழுத்திலை குடுத்திருக்கிறாராம். நான் ஐந்நூறு குடுத்தனான். தம்பியின்ரை பேரைச் சொல்லித்தான் குடுத்தனான்.”

தம்பி என்று அவர் சொன்னது என் தம்பி அருளப்பனை. போர் முடிந்த கிழமை இராணுவம் அவனைப் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறக்கியதைக் கண்டவர்கள் இல்லை. நான் எழுதாத கடிதம் இல்லை, நிரப்பாத விண்ணப்பம் இல்லை.

கனடாக்காரர் அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. அங்கத்தைய குடியுரிமை உள்ளவரோ கிறீன் காட் உள்ளவரோ தங்கள் சொந்தக் காசைக் கொடுக்கலாம். இன்னொருவர் காசைத் தன் பெயரில் கொடுப்பது குற்றம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் அன்றைக்கு என் கணவரிடம் ‘காசு எப்படிப் போகும்’ என்று நான் கேட்கவில்லை. மண்டபச் செலவுக்கு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பியின் பெயரைக் கேட்டதும் என் வாய் மூடிவிட்டது. அந்தப் பிழை என்னுடையது.

எப்படிப் போயிருக்கிறது என்று இப்போது திரையில் தெரிந்தது. நாற்பத்தொரு பேரும் வேலை செய்த இடம் ஒரே முதலாளியின் பெற்றோல் நிலையங்கள். அவரும் தமிழர். ரொறன்ரோக் காசு அவர் கைக்குப் போய், அவர் தன் வேலையாட்களுக்குக் கொடுத்து, அவர்கள் செக் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

3. கார்த்திகேயன்

எங்கள் மனேஜர் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட இருபது வயது இளமை. படிவத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

“ஐயோ, பிள்ளையார் சுழி! அக்கா, நானும் இத டெய்லி போடறவன்தான்.” என்றார். பிறகு முகம் மாறியது. “அக்கா, இது நம்ம கிளையன்ட்டோட பணம். இத நிறுத்தினா அவங்களே நம்மள நிறுத்திருவாங்க. படிவம் முழுசா இருக்கு, செக் இருக்கு. டைப் பண்ண வேண்டியது மட்டும்தானே நம்ம வேலை?”

“இடிச்சா எக்ஸெப்ஷனுக்குப் போட வேணும் எண்டதும் எங்கடை வேலைதான், தம்பி.”

“அங்க பெரிய பெரிய நாடுங்க லாபி கம்பெனி வெச்சு முறையா பதிவு பண்ணிட்டு உள்ள போறாங்க. இன்னும் சில பேர் எங்கிருந்து பணம் வருதுன்னே தெரியாத அமைப்பு வழியா கொட்டறாங்க. அதெல்லாம் நடக்குது. நீங்க நாப்பத்தொரு கேஷியரோட செக்கப் புடிச்சு என்ன ஆகப்போகுது?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கும் ஆத்திரம் வந்தது. பெரியவர்களுக்கு வக்கீல் இருக்கிறார்கள், அவர்களின் காசு கோட்டுச் சூட்டுப் போட்டுக்கொண்டு போகும். எங்கள் சனத்தின் கண்ணீர்க் காசுதான் சுழியோடு வந்து மாட்டும். ஆனாலும் சொன்னேன்.

“பெரிய ஆக்களின்ரை படிவம் என்ரை மேசைக்கு வரேல்லை, தம்பி. வந்தால் அதையும் நிப்பாட்டுவன். வந்தது இது. இன்னொண்டும் சொல்ல வேணும். உதுக்குள்ளை என்ரை மனுசன் குடுத்த காசும் இருக்கக்கூடும்.”

கார்த்திகேயன் கதிரையில் சாய்ந்துவிட்டார். வேறு ஆள் என்றால் என்னை அந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அவர் கேட்டார்.

“அப்ப எதுக்கு அக்கா நீங்களே வந்து சொல்றீங்க? பேசாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

“எனக்குத் தெரியுமே.”

அவர் இரண்டு ஒழுங்கு செய்தார். என் கணவர் காசு கொடுத்ததை என்னிடம் எழுத்தில் வாங்கிப் பதிவு செய்தார். அந்தக் கட்டை என்னிடமிருந்து எடுத்து, தன் பெயரில் எக்ஸெப்ஷனுக்குப் போட்டார். காரணம் எழுதும் வரியில் நான் சொல்லச் சொல்ல அவர் ரைப் பண்ணினார்: வேறு வேறு பெயர், ஒரே கையெழுத்து, ஒரே மதக் குறியீடு, ஒரே முதலாளி.

அடுத்த நாள் பிரசாரக் குழுவின் வக்கீல் அம்மா ஸ்பீக்கர் போனில் வந்தார். குறியீடு என்றால் என்ன என்று கேட்டார். யானைத் தலையுள்ள கடவுள், எதையும் தொடங்க முதல் அவருக்கு ஒரு அடையாளம் போடுவோம் என்று கார்த்திகேயன் விளக்கினார். பிறகு அந்த அம்மா சொன்னார், இருபது வருடமாகத் தான் இந்த வேலையில் இருப்பதாகவும், எந்த மென்பொருளும் இதைப் பிடித்திருக்காது என்றும். கார்த்திகேயன் என்னைக் கையால் காட்டிக்கொண்டே, “கண்டுபிடிச்சது எங்க சூப்பர்வைசர்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. பெருமையில்தான்.

நாற்பத்தொரு செக்கும் திரும்பிப் போயின. ஒப்பந்தம் போகவில்லை, அடுத்த தேர்தலுக்கும் எங்களிடமே வந்தது.

4. தேநீர் குடிக்காமல் போன பாலன் அண்ணை

ஒபிஸ் இரகசியம் வீட்டுக்கு வரக் கூடாது. மூன்று கிழமை என் கணவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அந்த வேட்பாளரின் வெற்றியைக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் ஓம் ஓம் என்று கறியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். என் கலியாண வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று கிழமை வேறு இல்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் பாலன் அண்ணை வந்தார். சப்பாத்தும் கழற்றவில்லை.

“காசு முழுக்கத் திரும்பி வந்திட்டுது. உள்ளுக்கை ஆரோ காட்டிக் குடுத்திட்டினம். தங்கச்சி, நீர் உந்த மாதிரி ஒபிஸிலைதானே வேலை?”

காட்டிக் கொடுத்தல் என்ற சொல் எங்கள் வீடுகளில் எவ்வளவு பாரமானது என்று வெளியாருக்கு விளங்காது. கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்தேன்.

“அண்ணை, என்ரை ஒபிஸிலை என்ன நடக்குதெண்டு நான் சொல்லமாட்டன், நீங்கள் கேக்கவும் வேண்டாம். ஆனால் உப்பிடி ஒண்டு என்ரை கண்ணிலை பட்டால் நிப்பாட்டித்தான் இருப்பன்.”

“உம்மடை தம்பிக்காகச் செய்தது!”

“அதாலைதான் அண்ணை. நாளைக்கு அந்த மனுஷன் சபையிலை எழும்பி அருளப்பன் எங்கை எண்டு கேட்டிருந்தால், அடுத்த நாள் பேப்பரிலை என்ன வந்திருக்கும்? களவாய் வந்த காசுக்குக் கேட்ட கேள்வி எண்டுதான் வந்திருக்கும். அதோடை அவனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். அவனை ரெண்டாந்தரமும் துலைக்கச் சொல்லுறியளோ?”

அவர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், தேநீரைத் தொடாமல் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு என் கணவர் என் பக்கம் திரும்பினார். “நீர் எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்” என்றார்.

“சொல்லியிருந்தால் நான் அந்தக் கதிரையிலை இருக்கத் தகுதி இல்லாதவள்.”

“அதுவும் சரிதான்” என்று சொல்லி அண்ணையின் தேநீரை எடுத்து அவரே குடித்தார். அவரைக் கட்டியதற்கு நான் சந்தோஷப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

வேட்பாளர் தோற்றார். எங்கள் மாதா கோயில் வாசலில் சிலர் என்னோடு கதைக்காமல் விட்டார்கள். பாலன் அண்ணை ஒரு வருடம் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது நலம்கூட விசாரிக்கவில்லை.

“தங்கச்சி, காணாமல் போன ஆக்களின்ரை சொந்தக்காரர் ஒரு பஸ் நிறைய வாஷிங்டனுக்குப் போறம். ஆரிட்டையும் காசு சேர்க்கிறேல்லை. ஆளாளுக்குத் தங்கடை ரிக்கெற்றைத் தாங்களே எடுக்கிறது. நீர் வாறீரோ?”

“வாறன் அண்ணை.”

5. அந்தக் கேள்வி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மேசைக்கு வருகிற தாளுக்கு நீங்கள் பொறுப்பு. மற்ற மேசைகளில் நடக்கும் அநியாயம் உங்கள் மேசைக்கு விடுமுறை தராது. ‘நான் வெறும் ரைப் பண்ணுகிற ஆள்’ என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள். பதினெட்டு வருடத்தில் நான் படித்தது இவ்வளவும்தான்.

பாலன் அண்ணை சொன்ன அந்தப் பயணத்தில், வாஷிங்டனில் ஒரு சபை உறுப்பினரின் அலுவலகத்தில் எங்களை எட்டு எட்டுப் பேராக உள்ளே விட்டார்கள். என் மகள் வயதில் ஒரு உதவியாளர் எங்களுக்கு எதிரே இருந்தாள். தம்பியின் படத்தை எடுக்க என் கை பையின் ஸிப்பைத் தேடிக்கொண்டு இருந்தது. அதற்கு முதலே அவள் கேட்டுவிட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள், அது அவளுடைய வேலை.

“நீங்கள் எந்த அமைப்பு? உங்கள் பயணத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்?”

பக்கத்தில் பாலன் அண்ணை மூச்சை இழுத்து விட்டது எனக்குக் கேட்டது.

“ஒருவரும் கொடுக்கவில்லை. நான் அவனுடைய அக்கா” என்று சொல்லிப் படத்தை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்து, “உங்கள் தம்பியின் பெயரைச் சொல்லுங்கள்” என்றாள்.