நாற்பத்தொன்றாம் பக்கத்துக் கட்டைவிரல்

கரிஜா த்ராவோரே ஓய்வு பெற்ற அன்று ஆராய்ச்சி நிலையம் அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அவள் நிலையத்துக்குப் பதினொரு அட்டைப்பெட்டி நிறையக் காகிதம் கொடுத்தாள். கடிகாரம் மூன்றே மாதத்தில் நின்றுவிட்டது. காகிதத்தின் கதை வேறு.

முப்பத்தைந்து வருடம் அவள் பார்த்த வேலையை எங்கள் ஊர் போபோ-தியுலாஸோவில் யாரைக் கேட்டாலும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: "சும்பாலாவை மோந்து பார்க்கச் சம்பளம் வாங்கினவ." 'நேரே' என்கிற மரத்தின் கொட்டையை வேகவைத்து, தோலுரித்து, மறுபடி வேகவைத்து, கூடையில் மூடிப் புளிக்கவைத்துப் பிடிக்கும் கறுப்பு உருண்டைதான் சும்பாலா. அது விழாத குழம்பு எங்கள் ஊரில் குழம்பே இல்லை. புளிக்கவைப்பது ஒரு பாக்டீரியா. அது தன் உடம்பிலிருந்து ஒரு நொதியைக் கக்கி, கொட்டையின் புரதத்தைப் பிய்த்துப் போடுகிறது. ருசியும் வாசமும் அங்கிருந்துதான். எந்த வீட்டுக் கூடையில் எந்தப் பாக்டீரியா, அதன் நொதிக்கு எத்தனை வேகம் என்று வீடு வீடாக அலைந்து எழுதிவைத்தவள் கரிஜா. மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்காது, ஆனால் ஊர்வாயை யார் மூடுவது?

அறுபத்துச் சொச்சம் கூடைகளில் ஒன்று அவளை ஆட்டிவைத்தது. எண் நாற்பத்தொன்று, சனாத்தா ஜாராவின் கூடை. மற்றவர்கள் மூன்று நாள் காத்திருக்க, சனாத்தாவின் கொட்டை இரண்டாம் நாள் காலையிலேயே தயாராகிவிடும். மூக்கைக் குத்தும் நெடி கிடையாது. பால் கலந்து உறையவைத்த தட்டில் இந்தப் பாக்டீரியாவை வளர்த்தால், நொதி பாலைத் தின்றுகொண்டே போய்ச் சுற்றிலும் தெளிந்த வளையம் விழும். மற்ற கூடைகளுக்கு நான்கு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஐந்து. நாற்பத்தொன்றுக்கு ஒன்பது. கரிஜா மூன்று தடவை அளந்தாள். நான்காம் தடவை காவலாளியைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னாள். அவனுக்கும் ஒன்பதுதான் வந்தது.

ஜாரா வம்சத்தாரும் த்ராவோரே வம்சத்தாரும் கேலி முறைக்காரர்கள். பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் 'காராமணி தின்னி' என்று வாரலாம், எதிராளி கோபித்துக்கொள்ள மட்டும் கூடாது. சோதனைக்கு மாதிரி வாங்க முதல்நாள் போனபோதே சனாத்தா ஆரம்பித்துவிட்டாள்.

"த்ராவோரேவா? அப்போ கொட்டையை மூடிவைங்கடி. இவ எண்ணிப் பார்க்க வரல, தின்னத்தான் வந்திருக்கா."

"உன் கொட்டையை நான் திங்கிறதா? எங்க வீட்டு ஆடுகூடத் திங்காது."

அரை மணி நேரத்தில் இருவரும் ஒரே தட்டில் சோறு சாப்பிட்டார்கள்.

மாதிரி கொடுத்தவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. சனாத்தாவுக்கு எழுதத் தெரியாது. வறண்ட காற்றடிக்கும் மாதம், மைப்பெட்டி காய்ந்து கட்டையாகக் கிடந்தது. சனாத்தா உருண்டை பிடித்துக்கொண்டிருந்த கையோடு கட்டைவிரலைப் பதிவேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

"ஐயையோ! அரசாங்கக் காகிதம்டி இது!"

"அரசாங்கத்துக்கும் கொஞ்சம் வாசம் வரட்டுமே. உன் மையைவிட என் மை நல்லா நிக்கும், பார்த்துக்கிட்டே இரு."

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் நடந்தது. கிளம்பும்போது சனாத்தா கேலியை விட்டுவிட்டுக் கேட்டாள்: "என் கூடைக்கு ஏதாவது ஆனா, உன் ஆய்வகத்து ஐஸ்பெட்டியில இந்தப் புளிப்பு விதை இருக்கும்ல?" கரிஜா, "இருக்கும்" என்றாள். யோசிக்காமல் சொன்ன வார்த்தை. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம் அந்த வார்த்தை பத்திரமாகவே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் கரிஜா அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தாள். நிலையத்தில் நான்கு நாள் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் பழுது. திரும்பி வந்தபோது ஐஸ்பெட்டி அலம்பித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்த குப்பிகளெல்லாம் நாறிவிட்டன என்று யாரோ குழியில் போட்டு எரித்துவிட்டார்கள். கரிஜா காலணியைக்கூட மாற்றாமல் நேரே சந்தைக்குப் போனாள்.

"சனாத்தா, உன் விதை போச்சு. எல்லாம் போச்சு."

சனாத்தா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "கேட்டீங்களாடி எல்லாரும்? ஒரு த்ராவோரேகிட்ட கொட்டையைக் காவல் வெச்சேன். தின்னுட்டு வந்து நிக்கிறா!"

சந்தையே சிரித்தது. கேலி முறையில் இந்த ஒரு சங்கடம் உண்டு, நெஞ்சைப் பிளந்து காட்டினாலும் வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இன்னொரு நாள் தனியாக வந்து விளக்கிக்கொள்ளலாம் என்று கரிஜா வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த இன்னொரு நாள் பன்னிரண்டு வருடமாக வரவே இல்லை. சும்பாலா வாங்க ஊரின் மறுகோடிச் சந்தைக்குப் போனாள். பாக்டீரியாவுக்கு அஞ்சாதவள் ஒரு சும்பாலாக்காரிக்கு அஞ்சித் தெரு மாறி நடந்தாள்.

போன பிப்ரவரியில் சாலையை அகலப்படுத்தியபோது சனாத்தாவின் முற்றம் போய்விட்டது. பழைய கூடைகள், சாக்குகள், மூடுபலகை எல்லாவற்றையும் லாரி வாரிக்கொண்டு போனது. புது வீட்டில் பிடித்த சும்பாலா குதிரைலாயம் மாதிரி நாறியது. ஒரு புதன்கிழமை அவளுடைய மருமகள் வந்து கரிஜாவின் வாசலில் நின்றாள்.

"அத்தை சொல்லி அனுப்பினாங்க. ஐஸ்பெட்டியில இருக்கிற விதையை எடுத்துட்டு வரணுமாம். ஞாயித்துக்கிழமை கொட்டை வேகவைக்கிறாங்களாம்."

கரிஜா "சரிம்மா" என்றாள். வேறு என்ன சொல்ல?

வியாழன் காலை நிலையத்தின் ஆவண அறை திறக்கும் முன்பே அவள் அங்கே நின்றாள். அந்த விதையை எந்தக் காலத்திலாவது எந்த வெளிநாட்டு ஆய்வகத்துக்காவது அனுப்பியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். ஆவண அறைக்கு முசியே சனூ பொறுப்பு, சனூ ஐயா என்று அர்த்தம். வேர்க்கடலைத் தோல் ஒன்று தரையில் கிடந்தால் அன்றைக்கு யாருக்கும் பெட்டி தரமாட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

மதியம் வரை கடிதங்களைப் புரட்டினாள். 'அடுத்த மாதம் அனுப்புகிறேன்' என்று நான்கு ஊருக்கு எழுதியிருந்தாள். ஒன்றுக்கும் அனுப்பவில்லை. தன் கையெழுத்தைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியில், சும்மா பார்க்கலாம் என்று எண்பத்தெட்டாம் வருடப் பதிவேட்டைக் கேட்டாள். நாற்பதாம் பக்கம் பழுப்பு. நாற்பத்திரண்டும் பழுப்பு. நடுவில் நாற்பத்தொன்று மட்டும் வெள்ளைவெளேரென்று புத்தம்புதிய நகல்.

"முசியே சனூ, இதோட அசல் எங்கே?"

"அழுக்குக் காகிதம் டாக்டரம்மா. கரப்பான் கடிச்சிருந்தது. நகல் எடுத்துட்டு எரிக்கிற கூடையில போட்டுட்டேன். நாளைக்கு எரிப்பாங்க."

"என்ன அழுக்கு?"

"பெரிய பழுப்புக் கறை. அதுவும் வாசம் வேற. முப்பத்தஞ்சு வருஷம் ஆகியும் சும்பாலா வாசம்!"

கரிஜா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அறுபத்தாறு வயதில் அவள் அந்த நடைக்கூடத்தில் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பக்கம் இருந்தது. கட்டைவிரல் இருந்தது, வரிவரியாக, வாசத்தோடு. தரையிலேயே உட்கார்ந்து முகர்ந்தாள்.

"எனக்கு ஒரு கத்தரிக்கோல் வேணும்."

"எதுக்கு?" என்றார் பின்னாலேயே மூச்சுவாங்க வந்த சனூ.

"கறையை வெட்டி எடுக்க."

"வெட்டுறதா? டாக்டரம்மா, இது ஆவணம்!"

"நாளைக்கு எரிக்கப் போறீங்க!"

"எரிக்க விதி இருக்கு. வெட்டுறதுக்கு இல்லையே."

கரிஜா அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸ்பெட்டி, சந்தை, பன்னிரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை. இந்த வகைப் பாக்டீரியா பசி வந்தால் கொட்டை மாதிரி ஓடு போர்த்திக்கொண்டு எத்தனை வருடமானாலும் தூங்கும் என்றும் சொன்னாள். சனூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாதிதான்," என்றார். "மீதிப் பாதி இங்கேயே இருக்கணும். அப்புறம் கொடுத்தவங்க மறுபடி கைநாட்டு வைக்கணும். படிவம் நானே எழுதுறேன்."

பாதிக் கட்டைவிரலோடு கரிஜா தன் பழைய ஆய்வகத்துக்குப் போனாள். தூள்தூளாக வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து, எண்பது டிகிரிச் சூட்டில் பத்து நிமிடம் வைத்தாள். அந்தச் சூட்டில் சில்லறைக் கிருமிகள் செத்துவிடும், ஓடு போர்த்தியவை விழித்துக்கொள்ளும். சொட்டுச் சொட்டாகப் பால்தட்டில் பரப்பி வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை தட்டில் பதினேழு புள்ளிகள் இருந்தன. பதினைந்தைச் சுற்றிச் சிறுவளையம், வழியில் எங்கோ ஒட்டிக்கொண்ட அநாமதேயங்கள். இரண்டைச் சுற்றி மட்டும் அகலமாக, தெளிவாக. அளவுகோலை வைத்தாள். மறுபடி வைத்தாள். ஒன்பது. கதவருகே போன காவலாளியைக் கூப்பிட்டாள். அவன் பழைய காவலாளியின் மருமகன்.

"தம்பி, இதை அள."

"ஒன்பதும்மா. ஏன் அழுறீங்க?"

"அழல," என்று சொல்லிவிட்டு அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினாள்.

ஞாயிற்றுக்கிழமை சனாத்தாவின் புது முற்றத்தில் கொட்டை வெந்துகொண்டிருந்தது. கரிஜா சாப்பாட்டுத் தூக்குக்குள் வைத்திருந்த புட்டியை வெளியே எடுத்தாள். அந்த இரண்டு புள்ளிகளிலிருந்து வளர்த்த விதை, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது. கொடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள்.

"சனாத்தா, இது ஐஸ்பெட்டியில இருந்தது இல்ல, நீ காகிதத்துல வெச்ச கைநாட்டுல இருந்து எடுத்தது. அது அப்பவே போச்சு. அன்னிக்குச் சந்தையில நான் சொன்னது கேலி இல்ல."

சனாத்தா கிண்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"கேலி இல்லேன்னு தெரியும். நீ வர்றதுக்கு முந்தின நாளே உங்க காவல்காரன் சொல்லிட்டான். அவன் சும்பாலா என்கிட்டதான் வாங்குவான்."

"அப்புறம் ஏன்டி அப்படிச் சிரிச்சே?"

"நீ அழப்போனே. நடுச்சந்தையில, அத்தனை மீன்காரி முன்னாடி. நான் சிரிக்கலேன்னா நீ உடைஞ்சிருப்பே. நாளைக்குத் தனியா வருவா, உட்கார்ந்து பேசிக்கலாம்னு இருந்தேன். உனக்கு நாளைக்கு வர்றதுக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"விதையைக் கேட்டு ஆள் அனுப்பினியே?"

"சும்மா வாடின்னா வந்திருப்பியா? கூடை போனதுகூட எனக்குப் பெரிசில்ல. என்னைத் திட்ட ஊருல ஒரு த்ராவோரே இல்லாமப் போச்சே, அதுதான்."

கரிஜா அழுதாள். இந்தத் தடவை சனாத்தா சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொட்டை கொஞ்சம் அடிப்பிடித்தது, யாரும் கவலைப்படவில்லை. ஆறியதும் புட்டியைக் கவிழ்த்துக் கலந்து, புதுக்கூடையில் கொட்டி மூடினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கூடையைத் திறக்கும் நேரத்தில் முசியே சனூவும் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் படிவம், புது மைப்பெட்டி. கூடைக்கு நாலடி தள்ளியே நின்றார்.

சனாத்தா மூடியை எடுத்தாள். குனிந்து முகர்ந்தாள். ஒரு கொட்டையை வாயில் போட்டு மெல்ல மென்றாள். கரிஜா அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஏதாவது சொல்லேன்!"

சனாத்தா தெருவைப் பார்த்துக் கத்தினாள். "பிள்ளைங்களா, சட்டியைக் கழுவுங்க! ஜாரா வீட்டுச் சும்பாலா திரும்பி வந்துடுச்சு. ஒரு காராமணி தின்னி முப்பத்தஞ்சு வருஷம் திங்காம வெச்சிருந்தா, அதிசயம்!"

கரிஜா கூடைப்பக்கமே சரிந்து சிரித்தாள். முற்றம் நிறைய ஆள் கூடிவிட்டது. கூட்டத்துக்கு நடுவே சனூ தொண்டையைக் கனைத்துக்கொண்டு படிவத்தைப் பலகைமேல் விரித்து, மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"இங்கேம்மா, இந்தக் கட்டத்துக்குள்ள."

சனாத்தா மைப்பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி நசுக்கினாள். கட்டைவிரலை உயர்த்தினாள்.

கரிஜா, "ஐயையோ, அரசாங்கக் காகிதம்டி!" என்றாள்.

முசியே சனூ மைப்பெட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காகிதம் நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா அழுத்துங்கம்மா," என்றார். "இன்னும் கொஞ்சம்."