கழுவெளியில் இன்னொரு விளக்கு

சவுரிராயன் விழுப்புரம் ஜங்ஷனில் விளக்குக்காரர். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு லாம்பு ரூமுக்குள் நுழைவார். கைகாட்டி மரங்களின் விளக்குகளைக் கரி துடைத்து, திரி கத்தரித்து, எண்ணெய் ஊற்றி, பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு மரத்திலும் ஏறி மாட்டிவிட்டு இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதும் அவர் சட்டையில் மண்ணெண்ணெய் வாசனை வரும். பதினாறு வருஷத்தில் அவர் ஏற்றிய விளக்கு வழியில் அணைந்ததென்று ஒரு டிரைவரும் எழுதிக் கொடுத்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவருடைய ஒரே தம்பி அந்தோணிசாமி, திண்டிவனம் தாலுகா மரக்காணத்தில் படகு தள்ளிக்கொண்டிருந்தான். மரக்காணத்துக்குத் தென்மேற்கே கழுவெளி கிடக்கிறது. கோடையில் வெடித்த சேறு. ஐப்பசி மழை விழுந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் உவர்த் தண்ணீர், நடுநடுவே ஆள் உயரக் கோரை. மேல்கரையிலிருந்து நெல் மூட்டையும் விறகும் படகில் இக்கரை வரும். பகல் குறுகிய மழைக்காலத்தில் படகுக்காரர்கள் மூங்கிலில் அரிக்கேன் விளக்கைக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

1937 கார்த்திகையில், மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலை, அந்தோணிசாமியின் படகும் எதிரே வந்த பச்சைமுத்துவின் படகும் மோதின. அந்தோணிசாமி தண்ணீரில் விழுந்தான். மூன்று நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

சவுரிராயன் போய்ச் சேர்ந்தபோது கவிழ்ந்த படகைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அரிக்கேன் மூங்கிலிலேயே இருந்தது. அவர் அதைக் கழற்றிப் பார்த்தார். சிம்னி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. கண்ணாடியின் உட்பக்கம் துளிக் கரி இல்லை.

“இது ரொம்ப முன்னாடியே அணைஞ்சிருக்குது. ஏத்தி கொஞ்ச நேரத்துலயே சூடான கண்ணாடியில மழைத்துளி பட்டு விரிஞ்சி போச்சி” என்றார்.

பச்சைமுத்து நாற்பது வருஷம் தண்ணீரில் கிடந்தவர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தவர் கிட்டே வந்தார்.

“சவுரி, நான் பொய் சொல்லலப்பா. வெளக்கு எரிஞ்சிக்கினுதான் இருந்தது. எனக்கு எடது பக்கம், கோரைய ஒட்டி, மஞ்சளா. அந்தோணிதான் வர்றான்னு நான் வலது பக்கம் ஒதுங்கினேன். ஒதுங்கின எடத்துல படகு நிக்குது. இருட்டா.”

“அப்ப எடது பக்கம் எரிஞ்சது எந்தப் படகுங்க?”

“வேற படகே எறங்கலப்பா அன்னிக்கி.”

கூட இருந்தவர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். சேற்றிலிருந்து கிளம்பும் வாயு சில சமயம் பற்றிக்கொள்ளும் என்று சவுரிராயன் கேள்விப்பட்டிருந்தார். அதைச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

தம்பி மனைவி இருதயமேரி அழவில்லை. “ஒடம்ப காட்டுங்க மாமா. அப்புறம் தாலிய கழட்டறேன்” என்றாள். துக்கப் பூசைக்கும் சம்மதிக்கவில்லை. மறுநாளே உப்பளத்து வேலைக்குப் போய்விட்டாள்.

விழுப்புரம் திரும்பிய சவுரிராயனுக்கு அந்த விரிந்த சிம்னி மனதை விட்டுப் போகவில்லை. ஊரான் ரயிலுக்கெல்லாம் அணையாத விளக்கு ஏற்றுகிறோம், கூடப் பிறந்தவன் மூங்கிலில் தொங்கியது இப்படி ஒன்றா என்று குமைந்தார். படகுக்கென்றே ஒரு விளக்குச் செய்வதென்று முடிவு செய்தார்.

திண்டிவனம் கடைத்தெருவில் காந்திமதி என்ற அம்மாள் தகரப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு ஈயம் பற்றவைக்கும் கோலைத் தானே கையில் எடுத்தவள். நாக்கும் அந்தக் கோலைப் போலத்தான். விடுப்பு கிடைத்த நாளெல்லாம் சவுரிராயன் ரயிலேறி அவளிடம் போனார்.

“லாம்புக்காரரே, கடையில வாங்கினா ஆவாதா? இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?” என்றாள் முதல் நாள்.

அவர் தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினார். “தீ அணையிறது காத்து அடிக்கிறதால இல்லம்மா. கீழ்த்தொளையில காத்து ஜாஸ்தியா நொழைஞ்சிடுது, மேல போவ வழி பத்தல. தீ திரிய விட்டு எகிறிடுது. அதனால காத்து உள்ள வர்ற வழியையும் பொக போற வழியையும் ஒரே தொப்பிக்குள்ள வெச்சிடணும். வெளியில காத்து எப்படி மோதினாலும் ரெண்டு வழியிலயும் ஒரே அளவு அமுக்கும். நடுவுல இருக்கிற தீ எதுக்கு ஆடப்போவுது?”

காந்திமதி குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு பித்தளைத் தகட்டை எடுத்தாள்.

ஒரு வருஷம் பிடித்தது. முதல் விளக்கு புகைந்தது. இரண்டாவது, சாய்த்தால் எண்ணெய் கக்கியது. எண்ணெய்த் தொட்டிக்குள் பஞ்சு அடைத்து அதைச் சரிசெய்தார்கள். மழை சூடான சிம்னியைத் தொடாமலிருக்க வெளியே கனத்த கண்ணாடி ஒன்று வைத்து, இரண்டுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி விட்டார்கள். படகு எப்படி ஆடினாலும் விளக்கு நேராக நிற்க, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்களில் தொங்கவிட்டார்கள். டார்ச்சு பல்பும் செல்லும் வைத்துக்கூட ஒன்று செய்து பார்த்தார் சவுரிராயன். மரக்காணத்து உப்புக் காற்றில் எட்டே நாளில் செல் பொங்கி வழிந்தது. எண்ணெய்க்கே திரும்பினார்.

முடிந்த விளக்கைப் பட்டறை உத்தரத்தில் மாட்டி, காந்திமதி துருத்தியால் நாலு பக்கமும் ஊதினாள். குடம் தண்ணீரை மேலே கொட்டினாள். தீ ஆடவில்லை. கொஞ்சம்கூட ஆடவில்லை. வரைந்த படம் மாதிரி நின்றது.

அவள் துருத்தியைக் கீழே வைத்தாள். “எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுய்யா. தீயின்னா ஆடணும். இது உத்துப் பாத்துக்கினு இருக்குது.”

சவுரிராயனுக்கோ சந்தோஷம் தாளவில்லை. ஆனால் பச்சைமுத்து சொன்ன மஞ்சள் வெளிச்சத்தையும் அவர் மறக்கவில்லை. வாயுவோ வேறெதுவோ, இனி யாரும் அதைப் படகென்று நம்பி ஏமாறக் கூடாது. அதனால் வெள்ளைக் கண்ணாடிக்கு மேலே சிவப்புக் கண்ணாடியில் ஒரு பட்டை வைத்தார். மேலே சிவப்பு, கீழே வெள்ளை. அப்படித் தெரிந்தால் படகு. அப்படித் தெரியாதது எதுவானாலும் படகில்லை.

1939 மழைக்கு மரக்காணத்தில் இருந்த ஆறு படகுகளிலும் ஆறு விளக்குகள் ஏறின. அந்த வருஷம் ஒரு மோதலும் இல்லை. மஞ்சள் வெளிச்சத்தை இரண்டு தடவை பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் வழியே போனார்கள்.

மறுவருஷம் ஐப்பசியில் சவுரிராயன் விளக்குகளைச் சோதிக்க மரக்காணம் வந்திருந்தார். பகல் நாலு மணி இருக்கும். மேகம் கவிந்து அந்தியைப் போல் மங்கியிருந்தது. ஆறு படகும் கரையேறிவிட்டன. ஆறு விளக்கையும் அவர் வரிசையாக வைத்துத் திரி பார்த்துக்கொண்டிருந்தார். உப்பளத்திலிருந்து திரும்பிய இருதயமேரி கூடையோடு அவர் பக்கத்தில் நின்றாள்.

“மாமா, படகு ஆறுதானே?”

“ஆமாம்மா.”

“அப்ப அது?”

தூரத்தில் கோரைக்கு நடுவே ஒரு வெளிச்சம். மேலே சிவப்பு, கீழே வெள்ளை. தண்ணீரில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் ஆடவில்லை.

சவுரிராயன் கீழே இருந்த விளக்குகளை விரலால் எண்ணினார். ஆறு. மறுபடி எண்ணினார். அவர் நிமிர்ந்தபோது வெளிச்சம் கோரைக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே முழங்கால் ஆழம்தான். படகு போக வழியில்லை.

இருதயமேரி கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள். அவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாளே திண்டிவனம் போய்க் காந்திமதியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. “ஏழாவது வெளக்கு நான் செய்யலய்யா” என்றாள், தன்மேல் பழி விழுந்துவிட்டது போல.

இருவருமாக யோசித்து விளக்குக்கு ஒரு மூடி வைத்தார்கள். கயிற்றை இழுத்தால் வெளிச்சம் மறையும், விட்டால் தெரியும். எதிரே விளக்கைக் கண்டால் ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும். எதிர்ப்படகு அன்றைய எண்ணிக்கைப்படி மூடித் திறந்து பதில் சொல்ல வேண்டும். அந்த எண்ணைத் தினமும் காலையில் கரையில் காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்கள்; தண்ணீரில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. யார் கேட்டுவிடப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த ஏற்பாடு இரண்டு மழைக்காலம் நடந்தது. மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் மூடித் திறந்து கேட்பார்கள். படகில்லையென்றால் பதில் வராது. விலகிப் போவார்கள். சண்டைக்காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனபோது புன்னை எண்ணெய்க்குத் தகுந்தாற்போல் திரியை மாற்றிக் கொடுத்தார் சவுரிராயன். அப்போதும் தீ ஆடவில்லை.

1943 மார்கழியில் ஒரு காலை, மாற்றிய திரி எப்படி எரிகிறதென்று பார்க்க அவரே பச்சைமுத்துவின் படகில் ஏறினார். அன்றைய எண் ஐந்து. ஏழு மணிக்குப் புறப்பட்டபோது வானம் வெளுத்திருந்தது. பாதி தூரத்தில் பனி இறங்கிவிட்டது. படகின் முனையே கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் எது, ஆகாயம் எது என்று தெரியாத வெள்ளை. கழி தண்ணீரில் விழும் சத்தம்கூடப் பஞ்சில் விழுவது போலிருந்தது.

முன்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம் வந்து நின்றது.

“நம்ம படகுங்களா?” என்றார் சவுரிராயன்.

“நாமதான் மொதல்ல எறங்கினோம். பின்னாடி வர்றவன் எப்படி முன்னாடி வருவான்?” பச்சைமுத்து கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார். “கேளு.”

சவுரிராயன் கயிற்றை ஒரு முறை இழுத்துவிட்டார்.

எதிரே வெளிச்சம் மறைந்து திரும்பியது. ஒன்று. இரண்டு. மூன்று. நிதானமாக, சரியான இடைவெளியில். நான்கு. ஐந்து.

சவுரிராயன் எழுந்து நின்றார். அன்றைய எண்ணைக் கரையில் கேட்டவன் படகுக்காரன்தான். அல்லது படகுக்காரனாக இருந்தவன். தம்பியின் பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பச்சைமுத்து பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

“பேர் சொல்லாத.”

ஆறு. ஏழு. வெளிச்சம் நிற்கவில்லை. எட்டு. ஒன்பது. பதினைந்து வரைக்கும் எண்ணிய சவுரிராயன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். அது மூடித் திறந்துகொண்டே இருந்தது. எங்கே நிறுத்துவதென்று அதற்குத் தெரியவில்லை. மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. கழியின் சத்தம் இல்லை, பலகை முனகவில்லை, தண்ணீர் சளப்பென்று ஒரு தரம் அடிக்கவில்லை.

சவுரிராயன் கயிற்றை இழுத்துத் தன் விளக்கை மூடினார். எதிர் வெளிச்சமும் மூடிக்கொண்டது.

இருவரும் படகுக்குள் குந்திக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். வெகு அருகே யாரோ அவர்களைப் போலவே குந்தியிருப்பதாகச் சவுரிராயனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறிப் பனி கலைந்தது. சுற்றிலும் வெறும் தண்ணீர். முன்னால் இரண்டு கழி தூரத்தில் பழைய மதகின் உடைந்த கற்கள் நீர்மட்டத்தோடு நீர்மட்டமாகக் கறுப்பாக நின்றன. நேரே போயிருந்தால் படகின் அடிப்பலகை பிளந்திருக்கும்.

செய்தி கரைக்கு வந்ததும் இருதயமேரி ஓடி வந்தாள்.

“அஞ்சுன்னு சரியா சொல்லிச்சாமே மாமா. அவர்தானே?”

சவுரிராயன் கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “அஞ்சோட நிறுத்தலம்மா. அந்தோணி பத்து வருஷம் மூட்ட எண்ணினவன். ஒரு மூட்ட தப்பினதில்ல. என் தம்பிக்கு எண்ணத் தெரியும்.”

ஆறு வருஷமாக அவள் அழாத அழுகை அப்போதுதான் வந்தது. மறுவாரம் அந்தோணிசாமிக்குத் துக்கப் பூசை நடந்தது. தாலியை அவளே கழற்றிச் சவுரிராயனிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சவுரிராயன் விளக்கில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்தார். மூடியையும் கயிற்றையும் எடுத்துவிட்டார். விளக்குக்குக் கீழே, மூங்கிலில் இரண்டு பித்தளைத் தகடுகளைத் தொங்கவிட்டார். படகு அசைந்தால் அவை ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும். “அது வெளிச்சத்த கத்துக்கினுது. சத்தம் மட்டும் அதுக்கு வரல. வர்றதுக்குள்ள ஜல்தியா முடிச்சிடுவோம்” என்று காந்திமதியிடம் சொன்னார். அவள் ஆறு ஜோடித் தகட்டையும் ஒரே நாளில் வெட்டிக் கொடுத்தாள்.

1947இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வளவனூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். கண் மங்கிவிட்டது. மரக்காணம் பக்கம் திரும்பப் போகவில்லை. மூன்றாம் வருஷம் மார்கழியில் காய்ச்சல் கண்டு இறந்தார். பங்குச் சாமியார் கடைசியாகக் கேட்டபோதும், கழுவெளியில் கண்டது என்னவென்று தனக்குத் தெரியாது என்றுதான் சொன்னார்.

படகுக்காரர்கள் அவர் சொல்லிக் கொடுத்தபடியே நடந்தார்கள். வெளிச்சம் தெரிந்து சத்தம் கேட்காவிட்டால், கழியைச் சேற்றில் ஊன்றிப் படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கூப்பிட மாட்டார்கள். பொறுத்திருந்தால் அது போய்விடும். சில நாளில் வெகுநேரம் பொறுக்க வேண்டியிருக்கும்.