நகத்தில் நெளியும் கத்தி

தோல் தடித்த மனிதர்களைக்கூடச் சீவலக்கா பொறுத்துக்கொள்வாள். வாய் தடித்த கத்தியைப் பொறுக்கமாட்டாள். கடைத்தெருவில் யாராவது புதுக் கத்தி வாங்கிவந்து பெருமையாகக் காட்டினால், வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். பிறகு, "நல்லா இருக்கு. கதவுக்கு அடியில முட்டுக் குடுக்க ஆகும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

மடக்குக்கத்தி செய்கிற குடும்பம் அவளுடையது. முன்னால் கடை, பின்னால் பட்டறை, மாடியில் வீடு. கணவர் எஃகுத் தகட்டில் அலகை வெட்டி, நெருப்பில் பதம் வைத்து, கைப்பிடியும், அலகை இறுக்கிப் பிடிக்கிற வில்லும் பொருத்துவார். அவருடைய தம்பி கடையில் உட்கார்ந்து விற்பான். நடுவில் இவள். பதம் வைத்த அலகைச் சாணைக்கல்லில் பிடித்து, முதுகிலிருந்து வாய் வரைக்கும் மெலிய வைப்பது இவள் வேலை. "கத்திக்கு உயிர் குடுக்கறீங்க அக்கா" என்று எதிர்க்கடைத் தையல்காரர் ஒருநாள் உருகியபோது, "உயிரும் இல்ல, மயிரும் இல்ல. வேண்டாத இரும்பை எடுத்துப் போடறேன், அவ்வளவுதான்" என்றாள். அவளுடைய கத்தி மரக்குச்சியிலிருந்து எடுக்கிற சீவலின் வழியாக வெளிச்சம் தெரியும். அவள் வாய் மனிதர்களிடமிருந்து எடுக்கிற சீவலும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று தெருவில் இரண்டு கட்சி உண்டு.

கையுறை போடமாட்டாள். அலகு சூடாவதைக் கண் பார்ப்பதற்கு முந்தியே விரல் சொல்லிவிடும் என்பது அவள் கணக்கு. சுட்டால் பக்கத்து வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. மறுபடி கல். மெலிய மெலியச் சூடு சீக்கிரம் ஏறும். ஒரு கணம் அசந்தால் விளிம்பில் நீலம் பாயும். நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று, அந்த அலகு குப்பைக்குப் போகவேண்டியதுதான். அதனால்தான் பாதிப்பேர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்திவிட்டு அதற்கு 'உறுதி' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள் என்பாள். பயத்துக்குப் பேர் வைக்கிறதில் மனுஷனை மிஞ்ச ஆள் இல்லை.

முடித்த அலகை இடது கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்து லேசாக அழுத்துவாள். விளிம்பு நகத்தின் மேட்டுக்கு ஏற்றபடி நெளியவேண்டும். அலகை இழுக்க இழுக்க, போர்வைக்குள் எலி ஓடுவதுபோல அந்த நெளிவும் எஃகில் கூடவே ஓடவேண்டும். விட்டதும் நேராகிவிடவேண்டும். நெளியவில்லை என்றால் மறுபடி கல். நெளிந்தது நிமிரவில்லை என்றால் கணவருக்குத் திட்டு, பதம் சரியில்லை என்று.

கொழுந்தனுக்கு வேறு சோதனை. எந்தக் கத்தியை எடுத்தாலும் தன் இடது முன்கை முடியை ஒரு வழி வழித்துக் காட்டுவான். வாடிக்கையாளர் வாய்பிளப்பார். வருஷக்கணக்காக வழித்து வழித்து அந்தக் கை உரித்த உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. சில சமயம் வழிப்பதற்கு முடி இல்லாமல் வலது கைக்குப் போவான்.

"தம்பி, முடியை வழிக்க நுனி விளிம்பு போதும். கோடாலியைத் தீட்டினாக்கூட வழிக்கும். கோடாலியால கேரட் நறுக்கிப் பாருங்க."

"வாங்கறவன் கேரட்டோட வர்றதில்ல அண்ணி. கண்ணோட வர்றான்."

அவன் சொன்னதில் உண்மை இருந்தது என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். வாங்குகிறவர்கள் கத்தியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்கள். கனமாக இருந்தால் தலையாட்டினார்கள். பரங்கிக்காய் வாங்க வந்தவர்களா, கத்தி வாங்க வந்தவர்களா என்று பட்டறைக்குள்ளிருந்து அவள் கேட்பது கடை வரை கேட்கும். கொழுந்தன் சத்தமாக இருமி மறைப்பான்.

ஒருநாள் அவன் ஒரு மரப்பெட்டியைப் பட்டறைக்குள் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தான். ஏதோ தொழிற்சாலையில் இயந்திரம் தேய்த்துத் தந்த அலகுகள். எல்லாம் ஒரே அச்சு. முதுகிலிருந்து முக்கால்வாசி தூரம் முழுக் கனம், கடைசியில் மட்டும் சட்டென்று சரிவு, அந்தச் சரிவின் நுனியில் ஒரு கூர்.

"உடையவே உடையாது அண்ணி. பெயின்ட் டப்பா திறக்கலாம், ஆணி நெம்பலாம்."

"வெட்டுமா?"

அவன் முன்கையை நீட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயம் பெட்டியோடு முடியவில்லை. தேய்த்த அலகே வந்துவிட்டால் பட்டறையில் சாணைக்கல் எதற்கு? அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி அலமாரி வைத்துக் கடையைப் பெரிதாக்கலாம். அண்ணி நிம்மதியாக முன்னால் உட்கார்ந்து கத்திகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுக்கலாம். கையும் சுடாது.

அட்டைப்பெட்டி! அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு வில்லை வளைத்துக்கொண்டிருந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி என்பார்கள். இவர் இடி விழுகிற பக்கம் தெரியாத மாதிரி உட்காரக் கற்ற மத்தளம்.

"என்னங்க, கேட்டீங்களா?"

"பாக்கலாம்" என்றார்.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் அந்த மனிதர் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு வீடு ஒழுகினாலும் பாக்கலாம், பல் வலித்தாலும் பாக்கலாம்.

கடைசியில் ஒட்டுக்காரர் சொல்கிறபடி செய்வது என்று முடிவாயிற்று. அவர் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். ஒரு பழமரத்தின் குச்சியைச் சீவி இன்னொரு செடியில் பொருத்திக் கட்டுகிற வேலை. சீவிய முகம் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் ஒட்டுப் பிடிக்கும். ஆட்களுக்கெல்லாம் கத்தி இந்தக் கடையில்தான். அவர் பெட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டால் சாணைக்கல் போகும். சீவலக்காவின் கத்தியை எடுத்துக்கொண்டால் பெட்டி போகும்.

அவர் சேறு காயாத பூட்ஸோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கொழுந்தன் பெட்டிக் கத்தியால் கையை வழித்தான். ஒட்டுக்காரர் தலையாட்டினார். சீவலக்கா அவர் பையிலிருந்து ஒரு குச்சியை உருவி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"கை முடியிலயா ஒட்டுக் கட்டறீங்க? இதைச் சீவிப் பாருங்கண்ணே."

முதலில் பெட்டிக் கத்தி. அழகாகத்தான் நுழைந்தது. நுழைந்த பிறகுதான் கஷ்டம். கனத்த தோள் குச்சிக்குள் புகமுடியாமல் முட்டியது. அவர் அழுத்தினார். கத்தி மரத்தை வெட்டுவதை விட்டுவிட்டுப் பிளக்கத் தொடங்கியது. நார் ஓடிய திசையில் அதுவும் ஓடி, சீவிய முகம் கரண்டிமாதிரி குழிந்து வந்தது.

"கூட்டத்துல புகுந்து போறவன் ஒல்லியா இருக்கணும்ணே. தலை மட்டும் கூரா இருந்து தோள் அகலமா இருந்தா, நாலு பேரை இடிச்சுத் தள்ளிட்டுத்தான் போவான்" என்றாள்.

பிறகு அவளுடைய கத்தி. சத்தமே இல்லை. குச்சி நழுவி விழுந்ததுபோல இருந்தது. சீவிய முகம் கண்ணாடித் துண்டு போலத் தட்டையாக இருந்தது. ஒட்டுக்காரர் அதை விரலால் தடவினார். கொழுந்தன் கூரையைப் பார்த்தான். சீவலக்கா சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு மூச்சை இழுத்து வைத்திருந்தாள்.

அப்போது ஒட்டுக்காரர், யாரும் கேட்காமல், ஒரு வேலை செய்தார். காலைத் தூக்கி முழங்கால்மேல் போட்டு, பூட்ஸின் அடியில் மாட்டியிருந்த ஒரு கல்லை அவள் கத்தியின் முனையால் நெம்பினார்.

டிக்.

முனை தெறித்து மேஜைக்கு அடியில் போயிற்று.

"இதாம்மா தொல்லை" என்றார் அவர், ஏதோ கத்திதான் தப்பு செய்ததுபோல. "என் ஆளுங்க எல்லாரும் இப்படித்தான். சீவறது கொஞ்சம், நெம்பறது நிறைய. எனக்கு உங்க கத்தி ஒண்ணு குடுங்க. ஆளுங்களுக்கு அந்தப் பெட்டியிலேயே குடுத்துடுங்க."

"நெம்பி உடைச்ச கத்தியால சீவி உங்க ஆளுங்க கட்டற ஒட்டு எல்லாம் பிடிக்குதா?"

"பாதி காஞ்சு போகுது. வெயில் சரியில்ல. மண்ணும் சரியில்ல."

"ஆமா. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எருமைமேல் மழை. ஆட்கள் பலபேர், அவர் ஒருவர். கொழுந்தன் எண்ணிக்கை வைத்துத் தீர்ப்பைப் படித்துவிட்டான். மறுநாளே மெக்கானிக்கை வரச்சொல்லிக் கல்லைக் கழற்றிவிடலாம். கணவர் மேஜைக்கு அடியில் குனிந்து, உடைந்த முனையைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதுதான் அவருடைய கருத்து போலிருக்கிறது.

மாடியில் அவள் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை, அதனால் பாத்திரங்கள் பேசின. பூட்ஸ் கல்லை நெம்புகிறவனுக்கு எதற்குக் கத்தி? ஊசியால் குழி தோண்டுவான், தோண்டிவிட்டு ஊசி வளைந்துபோச்சு என்பான். அவனுக்காக எல்லா ஊசியையும் கடப்பாரை ஆக்கவேண்டுமாம். உலகத்தில் உள்ள மட்டமான வேலையெல்லாம் இப்படித்தான் பிறக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கெடுக்கிறவனைக் கேட்பதில்லை, கெடாத மாதிரி செய்துகொடுத்துவிடுகிறார்கள். கணவர் சாப்பிட வரவில்லை. கூப்பிடவும் அவள் போகவில்லை.

காலையில் பட்டறைக்கு இறங்கியபோது அவர் மேஜையில் ஒரு மடக்குக்கத்தி கிடந்தது. எடுத்தாள். ஒரு பக்கம் திறந்தால் அவள் தேய்த்த மெல்லிய அலகு. மறுபக்கம் திறந்தால் பெட்டி அலகு, பாதிக்கு வெட்டி, முனை மழுங்கடித்தது. ஒரே கைப்பிடிக்குள் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தன, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி.

"இது எதுக்கு?"

"நெம்ப." பிறகு மெல்லிய அலகைக் காட்டினார். "அது வெட்ட."

"இந்தக் கட்டையில கூர் இன்னும் இருக்கே."

"அதை நீ எடுக்கணும். கல்லு உங்கிட்டதானே இருக்கு."

அவள் அவரையே பார்த்தாள். "இத்தனை வருஷம் கூட இருந்துட்டு, இதை முந்தியே செஞ்சிருந்தா என்ன?"

"நீ கேக்கலையே. வெட்டறதைப் பத்தித்தான் பேசிட்டே இருந்தே."

சண்டைக்கு நல்ல இடம்தான், ஆனால் நேரம் இல்லை. கல்லைச் சுழலவிட்டாள். தொழிற்சாலைக்காரன் பெருமையாக வைத்தனுப்பிய கூர் விளிம்பை ஒரே இழுப்பில் தேய்த்து எடுத்தபோது கிடைத்த திருப்தி, நல்ல அலகு முடிக்கும்போதுகூட அவளுக்குக் கிடைத்ததில்லை. தண்ணீரில் முக்கக்கூட இல்லை. நீலம் பாய்ந்தால் பாயட்டும், நெம்புகிற கட்டைக்கு எதற்குப் பதம்?

ஒட்டுக்காரர் கத்தியை வாங்கிப்போக வந்தார். இரட்டைக் கத்தியை அவர் கையில் வைத்தார்கள். கனமாக இருந்தது, தலையாட்டினார். கட்டையைத் திறந்து பூட்ஸில் புதிதாக மாட்டியிருந்த கல்லை நெம்பினார். மெல்லியதைத் திறந்து குச்சியைச் சீவினார். சீவல் காற்றில் போயிற்று.

"ஆளுங்களுக்கு இதையே குடுத்துடுங்க" என்றார், இதை யோசித்ததே தான்தான் என்கிற முகத்தோடு. "அந்தப் பெட்டியும் வீணாகாது."

பெட்டி வீணாகாது என்றதும் கொழுந்தனுக்கும் உயிர் வந்தது. பழக்க தோஷத்தில் அந்தக் கத்தியை எடுத்து, எந்தப் பக்கம் என்று பார்க்காமலே திறந்து, வலது முன்கையில் வைத்து இழுத்தான். முடி அப்படியே நின்றது. தோலில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு.

"தம்பி, அது நெம்பறதுக்கு" என்றாள் சீவலக்கா. "கைல கல்லு ஏதாவது மாட்டியிருக்கா?"

ஒட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் தையல்காரர் எட்டிப்பார்த்தார். கணவர் ஒரு வில்லை வளைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் ஸ்பானர் பையோடு வாசலில் வந்து நின்றான். "கழற்ற வேண்டிய கல்லு எங்க சார்?" என்று கொழுந்தனைக் கேட்டான். கொழுந்தன் முன்கையைத் தடவிக்கொண்டே அண்ணியைப் பார்த்தான்.

"உள்ள வாங்க" என்றாள் அவள். "கழற்ற ஒண்ணுமில்ல. வந்ததுக்கு அடியில இருக்கற நட்டையெல்லாம் நல்லா இறுக்கிட்டுப் போங்க. ரொம்ப நாளா ஆடிட்டிருக்கு."