லட்சுமணன் என்று யாரும் வரவில்லை

சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் யாருக்குப் பாராட்டு விழா என்றாலும் அறிமுக உரையை என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். என் தமிழின் மீதுள்ள மரியாதை என்று நெடுநாள் நம்பியிருந்தேன். வேறு யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்பதுதான் காரணம்.

இந்த முறை பாராட்டு, இங்கே தோட்டத்தில் பிறந்து, கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டி, பதக்கம் வாங்கி, அட்மிரலாக ஓய்வு பெற்றவருக்கு. அவர் சம்மதித்ததே அவருடைய அண்ணனுக்காக. அண்ணன் பாமாயில் ஆலையில் லோரி ஓட்டியவர். கடற்படை என்றதும் தம்பிக்குக் கப்பலில் ஏதோ வேலை என்று முடிவுகட்டி, ஊரெல்லாம் அப்படியே சொல்லி வருகிறார்.

"நான் சொன்னா பீத்துறேன்னு சிரிப்பாரு. மேடையில வேற யாராச்சும் சொல்லி அவரு கேக்கணும்" என்றார் அட்மிரல்.

எழுதினேன். புயலில் ஆடும் கப்பலின் மேல்தளத்திலிருந்து கிளம்பி, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்த மீனவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் தூக்கி, மறுபடி அதே தளத்தில் வந்து இறங்கியதை எழுதினேன். பதக்கம் அதற்குத்தான்.

விழாவன்று வாசலில் பேனர்: 'திரு. லட்சுமணன் அவர்களே, வருக!'

லட்சுமணன் என்று ஒருவர் கிடையாது. அட்மிரலுக்கு மலாயில் லக்சமானா. இவருடைய பதவி லக்சமானா மூடா; மூடா என்றால் இளைய. கோயில் செயலவைத் தலைவர் பதவியைப் பெயராக்கிவிட்டார்.

"தலைவரே, அவரு பேரு எங்க?"

"அதான் இருக்கே, லட்சுமணன். கூட மூடான்னு வேற கடிதத்துல இருந்துச்சு. பெரிய மனுசன எப்படிலா மூடான்னு போடறது? நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"அதுக்கு அப்புறம் ஒரு பேரு இருந்திருக்குமே?"

"அவங்க அப்பா பேருன்னு நெனச்சேன். பேனர்ல எடம் இல்ல."

என் நன்றியை எதிர்பார்த்து நின்றார்.

ஒய்பி, அதாவது எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், தாமதமாக வந்து, புதிய சாக்கடைத் திட்டத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். நேரமாகிவிட்டதென்று என் உரையைத் தலைவரே ஒரு வரியாக்கினார்: "கப்பல்ல பல வருசம் வேலை செஞ்ச லட்சுமணன் அவர்கள்." சாக்கடைக்குக் கிடைத்த நேரம் கடலுக்குக் கிடைக்கவில்லை.

முன்வரிசையில் அண்ணன் பக்கத்துக்காரரைத் தட்டினார். "பாத்தீங்களா, கப்பல்னு நான் சொல்லல?"

மேடையில் சால்வைக்குள் அட்மிரல் குனிந்துகொண்டார். எனக்குக் கொதித்தது. கொதித்தால் நான் செய்வது வழக்கமாக ஒன்றுதான்: இன்னொரு வடை எடுத்துக்கொள்வேன். அன்று வடையைக் கீழே வைத்தேன். சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன், தம்பி இருவருக்கும் எதிரே போய் நின்று, ரசம் ஊற்றுகிறவர்களுக்கு நடுவே என் உரையை முழுதாக வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்த அண்ணனின் கை இலையிலேயே நின்றது.

"ஆடுற கப்பல் மேலயா எறக்குன?" என்று தம்பியைக் கேட்டார்.

"ஆமாண்ணே."

"நின்ன எடத்துல லோரிய ரிவர்ஸ் எடுக்கவே எனக்குப் பின்னால ஒரு ஆளு வேணும்டா."

பிறகு கையைக்கூடக் கழுவாமல் எழுந்து தலைவரிடம் போனார்.

"என் தம்பி லட்சுமணன்னா நான்தான் ராமன். ராமன் சொல்றேன், அந்தப் பேனர எறக்குங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஏணி தேடப் போனேன்.