தபாலகத்துக்குத் தெரிந்ததும் ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரிந்ததும்

ஒன்றரை ஆண்டாக யாரும் வாய் திறக்காத ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் அந்தச் செய்தி வந்தது. "நமது தபாலதிபர் ஸ்டெல்லா அக்கா இன்று காலை மாரடைப்பால் காலமானார்." அனுப்பியவர் கனகராஜ் மாஸ்டர். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குத் துக்கத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. அவர் அந்தக் குழுவில் எழுதுவதை நம்புவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். என் போட்டோகாப்பி கடையை அப்படியே விட்டுவிட்டு எதிரே இருக்கும் தபாலகத்துக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. படியில் தபால்காரர் சுனில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "நோனா நெத்தி உனா, பாலு" என்றார். அம்மா இல்லாமற்போய்விட்டார் என்று அவர் சிங்களத்தில் சொன்ன பிறகுதான் நான் நம்பினேன்.

எங்கள் மலையக ஊரான வட்டகொடையில் அவரை அறியாதவர்கள் குறைவு. அறிந்தவர்களில் பாதிப் பேர் அவரைச் "சந்தேகக்காரி" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் முதலில் கோபப்படப்போவது அவராகத்தான் இருக்கும்.

ஒருமுறை மேல் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு தபாலகத்துக்கு வந்தார். மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. பதில் அனுப்ப வேண்டும், முத்திரை எவ்வளவு ஒட்டுவது என்று கேட்டார். நானும் அங்கே நின்றிருந்தேன். அக்கா கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது குவைத்திலேர்ந்து வந்ததுன்னு எழுதியிருக்கு. முத்திரை நம்ம நாட்டு முத்திரை. சீல் கொழும்புல குத்தினது" என்றார். அம்மாவுக்குக் கோபம். "அப்ப எல்லாம் பொய்யாம்மா? எம்புள்ள வாழ்க்கையக் கெடுக்காதீங்க" என்று சத்தம் போட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "வேலை பொய்யா நெசமான்னு எனக்குத் தெரியாதுங்க. கவர் பொய் சொல்லுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." மகள் வெளிநாடு போகவில்லை. அந்த வேலை உண்மையாக இருந்ததா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த அம்மா அதன்பிறகு அக்காவுடன் பேசவுமில்லை.

இப்போது பங்கு விவகாரத்துக்கு வருகிறேன். கொழும்பில் ஒரு கம்பெனி, ஈரத்தை அளக்கும் சென்சர் கருவி ஒன்றைத் தயாரித்தது. பெயரை எழுதப்போவதில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளில், பறித்து வந்த கொழுந்தை வாட்டுவதற்குப் பரப்பும் நீளத் தொட்டிகளின் அடியில் அதைப் பொருத்துவார்கள். இலையில் இன்னும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அது திரையில் காட்டும். அந்தக் கம்பெனியின் பங்குகள் சந்தையில் ஏறத் தொடங்கியதும், உயர்தர வகுப்புக்கு வர்த்தகம் படிப்பித்த கனகராஜ் மாஸ்டர் எங்களைக் கூட்டினார். மருந்துக்கடையில் வேலை செய்யும் ரஞ்சனி, ஸ்டெல்லா அக்கா, நான், இன்னும் இரண்டு மூன்று பேர். பின்னேரங்களில் என் கடையில் கூடுவோம். மற்ற நேரம் வாட்ஸ்அப்.

"மலைநாட்டுல எத்தன பெக்டரி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் எத்தன தொட்டி இருக்கு, நீங்களே எண்ணிப் பாருங்க" என்பார் மாஸ்டர். "அப்புறம் அசாம் இருக்கு, கென்யா இருக்கு. நம்ம அப்பா அம்மா பறிச்ச கொழுந்துல நமக்கு என்ன மிஞ்சிச்சு? இப்பவாச்சும் அதுல நமக்கு ஒரு பங்கு வேணாமா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை வீழ்த்தியது. என் அம்மா நாற்பது வருடம் கூடை சுமந்தவர். ரஞ்சனியின் கண்ணும் கலங்கியதைப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்காவின் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். ஆனால் அவர் கண் கலங்கவில்லை.

"தொட்டிய எண்ணாதீங்க மாஸ்டர்" என்றார். "வாங்குறவங்கள எண்ணுங்க. காசு குடுத்து யாரு வாங்கியிருக்காங்க?"

கம்பெனி வெளியிட்ட அறிக்கையை மாஸ்டர் கைத்தொலைபேசியில் காட்டினார். சென்சருக்கு ஓடர் கொடுத்த தோட்டங்களின் பட்டியல் அதில் இருந்தது. நமக்குத் தெரிந்த பெயர்கள். அக்கா இரண்டு முறை வாசித்துவிட்டுக் கொஞ்சம் பங்கு வாங்கினார். "வாங்கினாத்தான் கேள்வி கேக்க முடியும்" என்றார்.

நாங்களும் வாங்கினோம். பங்கு ஏறிக்கொண்டே போனது. சில வாரங்களில் அக்கா பங்கைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டார். கூட்டத்துக்கு வருவார், தேநீர் குடிப்பார், போய்விடுவார். நான் என் மனைவி ஜெயந்தியின் சங்கிலியை அடகு வைத்து மேலும் வாங்கலாம் என்றிருந்தேன். யோசனை கேட்கப் போனேன்.

"என்கிட்ட கேக்காதீங்க தம்பி."

"ஏங்க்கா? ஏதும் தெரியுமா?"

"சொல்ல முடியாது."

"தெரியாதுன்னு சொல்றீங்களா, சொல்ல மாட்டேன்னு சொல்றீங்களா?"

அவர் பதிவுத் தபால் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அக்காவுக்கு உள்விஷயம் ஏதோ தெரிஞ்சிருக்கு. நம்மள தயங்க வச்சிட்டு அவங்க தம்பி பேர்ல வாங்கிப் போடுறாங்களோ என்னமோ." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்குப் போவதற்குள் அது எனக்கு உறுதியாகிவிட்டது. குழுவில் எழுதினேன்: "தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதும் சிலருக்கு ஒரு வியாபாரம்தான்." பெயர் போடவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. அக்கா வாசித்துவிட்டார் என்பதற்கான நீல அடையாளமும் வந்தது. அவர் எதுவும் எழுதவில்லை, குழுவைவிட்டு விலகவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவரே கடைக்கு வந்தார். "செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கேன். அக்கரப்பத்தனைக்குப் போறேன். அந்தப் பட்டியல்ல இருக்குற பெக்டரி ஒண்ணு அங்க இருக்கு. நீங்களும் வாங்க."

"எதுக்கு அக்கரப்பத்தனை? அந்தப் பட்டியல்ல நம்ம பக்கத்துலயே ஒண்ணு இருக்கே?"

"அங்க நான் போகக் கூடாது" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. என் சந்தேகம் இன்னும் கூடியது.

தலவாக்கலையில் பஸ் மாறி, மழையில் நனைந்துகொண்டு அந்தத் தொழிற்சாலை வாசலில் இறங்கினோம். தொழிற்சாலைப் பொறுப்பாளர், தோட்டத்தார் டீமேக்கர் என்று அழைப்பவர், எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பங்கு வாங்கியவர்கள் தொழிற்சாலை பார்க்க வருவதை அவர் அதற்கு முன் கண்டதில்லை. அக்கா தன் அடையாள அட்டையை நீட்டி, "நான் தபாலதிபர். ஆனா இப்ப அந்த வேலையா வரல. சென்சர் கம்பெனில எனக்குக் கொஞ்சம் பங்கு இருக்கு. அது ஓடுறதப் பாக்கலாமாங்க?" என்றார்.

அவர் சிரித்துவிட்டு மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். தொட்டிகளில் கொழுந்து பரப்பியிருந்தது. ஒரு தொட்டியின் ஓரத்தில் சிறிய திரை. அது கறுப்பாக இருந்தது.

"நல்ல சாமானுங்க. குறை சொல்லக் கூடாது. ஓடுறப்ப சரியாத்தான் காட்டும்" என்றார் டீமேக்கர். "ஆனா மழை தொடங்கினா அதுக்குள்ளயே ஈரம் எறங்கிருது. கழட்டி அனுப்புவோம், திருத்தி அனுப்புவாங்க. மறுபடி மாட்டுவோம், மறுபடி நிக்கும்."

ஈரத்தை அளக்கிற கருவி ஈரத்தில் நின்றுபோகிறது. அக்கா தன் கேள்வியை விடவில்லை.

"இத காசு குடுத்து வாங்கினீங்களா?"

"காசா? சும்மா குடுத்தாங்க, போட்டுப் பாருங்கன்னு."

"கம்பெனி பட்டியல்ல ஓடர்னு இருக்கே?"

"ஒரு பேப்பர்ல தோட்டத்து மேனேஜர் துரை கையெழுத்துப் போட்டாரு. சும்மா ஒரு சம்பிரதாயம்னு சொன்னாங்க. காசு கேட்டா மறுநாளே கழட்டி அனுப்பிருவோம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அக்கா, இது உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

"நம்ம தபாலகத்துலேர்ந்து அந்தக் கம்பெனிக்குப் பார்சல் திரும்பிப் போறது எனக்குத் தெரியும். மறுபடி வாறதும் தெரியும். அது தபாலகத்துக்குத் தெரிஞ்சது தம்பி. அத வச்சு நான் விக்கவும் கூடாது, உங்களுக்குச் சொல்லவும் கூடாது. எனக்குத் தெரிஞ்சது இன்னிக்குத்தான்."

வட்டகொடைத் தொழிற்சாலைக்கு அவர் ஏன் போகவில்லை என்பது அப்போது புரிந்தது. அந்தப் பார்சல்களை அனுப்பியவர்களிடமே போய், தெரியாதவர்போல நடித்துக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

அன்று மாலையே குழுவில் எழுதினேன். "பாத்தத மட்டும் எழுதுங்க. வெல எறங்கும்னு எழுதாதீங்க, அது நமக்குத் தெரியாது" என்று அக்கா சொன்னபடியே எழுதினேன். மாஸ்டர் கேலி செய்தார். ஒரு தொழிற்சாலையில் ஒரு திரை கறுப்பாக இருந்ததாம், அதற்காக ஒரு கம்பெனியே பொய்யாம் என்று எழுதினார். பயந்தவர்கள் விற்கட்டும், தைரியசாலிகள் வாங்கட்டும் என்றார். அதை நம்பி ரஞ்சனி மகளின் தாதியர் படிப்புக்கு வைத்திருந்ததையும் போட்டாள். பங்கு மேலும் இரண்டு மாதம் ஏறியது. நான் விற்றுவிட்டிருந்தேன். "ஒங்க அக்கா பேச்சக் கேட்டு நல்லாத்தான் பொழச்சீங்க" என்று ஜெயந்தி தினமும் குத்திக் காட்டினாள். எனக்கு மறுபடியும் அக்கா மேல் சந்தேகம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

பிறகு கம்பெனியின் கணக்கு வெளியானது. ஓடர்கள் விற்பனையாக மாறவில்லை. பங்கு விழுந்தது, எழவே இல்லை. குழு ஊமையானது. மாஸ்டர் இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார், முத்திரை வாங்கக்கூடத் தலவாக்கலைக்குப் போனார். அக்கா தன் பங்கை விற்கவே இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டேன். "நான் வித்திருந்தா, பார்சலப் பாத்து வித்தேனா, பெக்டரியப் பாத்து வித்தேனான்னு எனக்கே சந்தேகமாப் போயிருக்கும்" என்றார்.

அன்றுதான் மன்னிப்பும் கேட்டேன். "அக்கா, குழுவுல நான் எழுதினது..."

"சந்தேகப்பட்டது தப்பில்ல தம்பி" என்றார். "சந்தேகத்த என்கிட்ட கொண்டுவராம ஊருக்குக் கொண்டுபோனீங்க. அதான் தப்பு."

அடக்கத்தன்று தேவாலயத்துக்கு வெளியே மதில் ஓரமாகக் கனகராஜ் மாஸ்டர் தனியே நின்றிருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு சந்தேகம் நீண்ட நாளாக இருந்தது. அத்தனை பேர் இழந்த பிறகும் அவர் வீட்டில் இழந்ததற்கான அடையாளமே இல்லை. இதை நான் ஜெயந்தியிடம் சொல்லியிருக்கிறேன், சுனிலிடம் சொல்லியிருக்கிறேன். அவரிடம் கேட்டதில்லை. அன்று போய்க் கேட்டேன்.

"மாஸ்டர், நீங்க எப்ப வித்தீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அக்கரப்பத்தனை போயிட்டு வந்து எழுதினீங்களே, மறுநாள் காலையில விக்கத் தொடங்கினேன். கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் வித்துட்டேன்."

"அன்னிக்குத்தானே எங்களக் கேலி பண்ணி எழுதினீங்க?"

"வெல எறங்கிடக் கூடாதுன்னு எழுதினேன்." பிறகு தேவாலயத்தின் பக்கம் திரும்பிச் சொன்னார். "அக்காவுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நேராவே கேட்டாங்க. ஒத்துக்கிட்டேன். 'நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ரஞ்சனிகிட்ட நீங்கதான் சொல்லணும்'னாங்க. ரெண்டு தடவ மருந்துக்கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

எனக்கு அவரை அந்த இடத்திலேயே அடிக்க வேண்டும்போல இருந்தது. உள்ளே பாடல் கேட்டுக்கொண்டிருந்தது. "பாலு, நீங்களே குழுவுல போட்டுருங்க. எனக்கு முடியல" என்றார். கைத்தொலைபேசி என் கையில்தான் இருந்தது. ஒரு நிமிடம் போதும்.

"நான் போட மாட்டேன் மாஸ்டர்" என்றேன். "ரஞ்சனி உள்ளதான் இருக்கா."

அன்று அவர் உள்ளே வரவில்லை. இந்த அஞ்சலியை நான் மூன்று வாரம் தாமதித்து எழுதுவதற்கு அதுதான் காரணம். போன திங்கட்கிழமை ரஞ்சனி என் கடைக்கு வந்தாள். "மாஸ்டர் வந்து சொன்னாரு" என்றாள். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன். "நான் அழுது முடியிற வரைக்கும் அந்தாளு போகாம நின்னாரு." மாஸ்டரிடமும் போய், இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

என் சந்தேகங்கள் குறையவில்லை. அந்தக் கம்பெனியில் யார் யாருக்கு எவ்வளவு முன்பே தெரிந்திருந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் கொழும்பில் அவர்களுடைய பங்குதாரர் கூட்டம். ஸ்டெல்லா அக்காவின் பங்குகள் அவருடைய தம்பிக்குப் போயிருக்கின்றன. அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, தன் சார்பில் என்னைப் போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு தாள்தான். அதை எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த ஓடர்களுக்குக் காசு வரப்போவதில்லை என்பது உங்களுக்கு எப்போது தெரியும் என்று மேடையில் இருப்பவர்களிடமே எழுந்து நின்று கேட்பேன்.